விரியும் அம்புத்தலை வாங்கும் முன்: கனடாவில் வில்வேட்டைக்குப் புதிதாய்ப் போகிற நம்ம பையன்களுக்கு

போன தைப்பொங்கலுக்கு அக்கா மகன் ஒன்ராறியோவிலிருந்து லீவில் வந்திருந்தான். கொட்டகலையில் அக்கா வீட்டு முன்வாசலில் ஆளுக்கொரு பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தபோது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். படத்தில் ஒரு மெக்கானிக்கல் பிராட்ஹெட். பறக்கும்போது பிளேடுகள் மடங்கியிருந்து, மிருகத்தின் மேல் பட்டதும் விரிகிற அம்புத்தலை. வெட்டு அகலம் 2.3 அங்குலம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"மாமா, இதை வாங்கட்டா?"

"ஏன் இது?"

"பெரிய ஓட்டை போடுமாம் மாமா."

"உன் வில்லு எத்தனை பவுண்டு?"

"அம்பதோ என்னமோ. கடையில செட் பண்ணிக் குடுத்தாங்க."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் அங்கே பதினோரு வருஷம் இருந்தவன். மரக்கறிப் பெட்டி அடுக்குகிற ஒரு குளிர்களஞ்சியத்தில் வேலை, கூட வேலை செய்த ஒரு கிழவர்தான் எனக்கு வில்லைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். முதல் வருஷம் நானும் இப்படி அகலத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன், அந்தக் கதை பின்னால் வரும். இப்போது ஹட்டன் பக்கமிருந்து போன பையன்கள் இரண்டு மூன்று பேர் இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பேசிப் பேசித் தொண்டை வற்றிப் போனதால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஊர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்

இதில் உள்ள எதையும் இங்கே செய்து பார்க்காதீர்கள். இலங்கையில் மரை, மான் எல்லாம் 1937-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. ஓர்ட்டன் சமவெளி 1988-இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே வாகனம் நிறுத்துகிற இடத்தில் மரை பாணுக்கு வந்து நிற்கும், கிட்டப் போய் ஆசை தீரப் பார்த்துவிட்டு வாருங்கள், ஆனால் அதுக்குப் பாண் கொடுக்காதீர்கள். தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கு என்ன செய்யும் என்பது நமக்குப் புதிது இல்லை: 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டி, காப்பாற்றிக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனது. எதற்கு வைத்தோமோ அது மாட்டாது, எது மாட்டினாலும் உடனே சாகாது. அந்த இழுபறிச் சாவைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால்தான் அம்புத்தலை விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் குழப்பமும் இருக்கிறது. நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் காலத்து வெள்ளைக்காரர்கள் மரையை 'எல்க்' என்றுதான் கூப்பிட்டார்கள், எல்க் பிளேன்ஸ் என்று இடப்பெயரே இருக்கிறது. வட அமெரிக்காவில் எல்க் என்றால் வேறு மிருகம், மரையை விடப் பெரிது. பெட்டியில் 'எல்க்குக்கு ஏற்றது' என்று போட்டிருந்தால் நம்ம மரையை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அங்கத்தைய சட்டத்தை வாசியுங்கள்

ஒன்ராறியோவில் வில்லுக்கும் அம்புத்தலைக்கும் அளவு இருக்கிறது. இழுவை என்றால் நாணை இழுக்க வேண்டிய பலம், இழுப்பு என்றால் நாண் பின்னால் வருகிற தூரம். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லோ நீள வில்லோ, 700 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த இழுப்பில் மானுக்குக் குறைந்தது 18 கிலோ இழுவை வேண்டும், மூஸ் (மான் சாதியில் ஆகப் பெரியது), எல்க், கரடிக்கு 22 கிலோ. பிராட்ஹெட் குறைந்தது 22 மில்லிமீற்றர் அகலம் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு கூரான வெட்டு விளிம்பு வேண்டும். வேட்டைக் கல்விப் பாடம், அவுட்டோர்ஸ் கார்ட், லைசன்ஸ் எல்லாம் தனி. வேறு மாகாணத்துக்கோ எல்லை தாண்டியோ போனால் அங்கே விதி வேறு. ஐடஹோ மாதிரி சில அமெரிக்க மாநிலங்களில் பெருமிருக வில்வேட்டைக்கு மெக்கானிக்கலே கூடாது என்று நீண்டகாலம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் விதிப்புத்தகம் புதிதாக வரும், போன வருஷத்துப் புத்தகத்தை நம்பிப் போகாதீர்கள்.

சட்டம் சொல்வது ஆகக் குறைந்த அளவு. 22 கிலோ என்றால் ஏறத்தாழ 48 பவுண்டு. அவ்வளவு இழுக்கிற வில்லால் மூஸை எய்ய அனுமதி உண்டு என்பதற்காக அந்த வில்லில் அகலமான மெக்கானிக்கலை மாட்டலாம் என்று ஆகாது.

வில்லின் பலத்தை அளந்துகொள்ளுங்கள், தலையை அப்புறம் பார்க்கலாம்

பிராட்ஹெட் கடைக்குப் போவதற்கு முன் வில் கடைக்குப் போங்கள். அங்கே குரோனோகிராஃப் என்று வேகம் அளக்கிற கருவி இருக்கும். உங்கள் வில்லில், நீங்கள் வேட்டைக்குக் கொண்டுபோகிற அதே அம்பை, நீங்களே இழுத்து மூன்று தடவை எய்து வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வில்லின் பெட்டியில் போட்டிருக்கிற வேகத்தை மறந்துவிடுங்கள். அது 70 பவுண்டு இழுவை, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் (அம்பின் எடையை அளக்கிற சின்ன அளவு) அம்பு என்று வைத்து அளந்தது. நம்ம ஆட்களில் பாதிப்பேருக்கு இழுப்பு 27 அங்குலத்தைத் தாண்டாது.

அப்புறம் அம்பை தலையோடு சேர்த்துத் தராசில் வையுங்கள், கிரெய்ன் கணக்கில். இனிக் கணக்கு லேசு: எடையை வேகத்தால் இரண்டு தடவை பெருக்கி 450,240-ஆல் வகுத்தால் அம்பின் சக்தி அடி-பவுண்டில் வரும். மருமகனின் வில் 50 பவுண்டு, அம்பு 400 கிரெய்ன், வேகம் விநாடிக்கு 230 அடி என்று குத்துமதிப்பாக வைத்து அந்த வாசலிலேயே போனில் தட்டிக் காட்டினேன்: 47. அதே கணக்கு என் பழைய 60 பவுண்டு வில்லுக்கு, 420 கிரெய்ன் அம்பு 260 அடி வேகத்தில், 63. பத்துப் பவுண்டு இழுவையிலும், அவனை விட எனக்குக் கூடின ஒன்றரை அங்குல இழுப்பிலும் எவ்வளவு தூரம் விலகிப்போகிறது பாருங்கள்.

ஈஸ்டன் கம்பனி அம்புக்காரர்களுக்குப் போட்ட பழைய அட்டவணை ஒன்று எல்லாக் கடையிலும் ஓடுகிறது: மான் மாதிரி நடுத்தர மிருகத்துக்கு 25 முதல் 41, எல்க், கருங்கரடி, காட்டுப்பன்றிக்கு 42 முதல் 65, அதற்கு மேல் போவது ஆபிரிக்க எருமை மாதிரி ஆட்களுக்கு. அதைப் பார்த்துவிட்டு "அப்ப என் 47 எல்க்குக்கே போதுமே மாமா" என்றான் பையன். போதும்தான், ஒல்லியான, கூரான, முன்பே விரிந்திருக்கிற ஃபிக்ஸ்ட் தலை மாட்டினால். அந்த அட்டவணை தலை எதுவென்று கேட்பதில்லை. அதோடு நீங்கள் அளந்தது வில்லின் வாயில் உள்ள வேகம், 30 யார் (கஜம்) போவதற்குள் அம்பு கொஞ்சம் இழந்துவிடும்.

அகலம் எதைத் தின்கிறது

நல்ல வெயில் காலத்தில் காய்ந்து இறுகின மண்ணில் அலவாங்கைக் குத்திப் பாருங்கள், அப்புறம் அதே பலத்தோடு மண்வெட்டியைக் குத்துங்கள். அலவாங்கு ஒரு சாண் இறங்கும், மண்வெட்டி விரல் ஆழத்தில் நின்றுவிடும். கை அதே கைதான். மெக்கானிக்கல் தலையில் இதற்கு மேல் இன்னொரு செலவும் உண்டு: பட்டவுடன் பிளேடை மடிப்பிலிருந்து தள்ளித் திறக்கவும் அம்பின் பலத்தில் ஒரு பங்கு போகிறது, விரிந்த பிளேடுகளை அதன் பிறகு தோல், சதை, விலா எல்லாவற்றுக்கும் நடுவே இழுத்துக்கொண்டு போக வேண்டும். பலம் மிச்சமிருந்தால் மிருகத்தின் மறுபக்கத்தால் வெளியே வரும். மேலே மரத்தில் இருந்து எய்கிறபோது இந்த வெளிவாசல் ரொம்ப முக்கியம், ஏனென்றால் உள்வாசல் முதுகுப் பக்கம் உயரத்தில் இருக்கும், இரத்தம் உள்ளேயே தேங்கும், கீழே உள்ள வெளிவாசலால்தான் தரையில் தடம் விழும். தடம் இல்லாவிட்டால் மிருகம் செத்தே கிடந்தாலும் நீங்கள் கண்டுபிடிக்க மாட்டீர்கள்.

சரி, என் கதை. முதல் வருஷம், ஒக்டோபர், சனிக்கிழமை சாயங்காலம். நல்ல கிடா மான் ஒன்று 22 யாரில் வந்து நின்றது. பக்கவாட்டில் நிற்கவில்லை, கொஞ்சம் என்னைப் பார்த்த மாதிரி திரும்பி நின்றது. பொறுத்திருக்க வேண்டும். கை நடுங்கியது, விட்டேன். அம்பு தோள் எலும்பில் பட்ட சத்தம் பலகையில் சுத்தியல் விழுந்த மாதிரி கேட்டது. மான் குதித்து ஓடும்போது அம்பில் முக்கால்வாசி வெளியே ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எழுபது எண்பது அடி தூரத்துக்குச் சொட்டுச் சொட்டாக இரத்தம், ஓரிடத்தில் முறிந்த அம்பு, அதன் பிறகு ஒன்றுமே இல்லை. டோர்ச் அடித்து இரவு பதினொரு மணிவரை தேடினோம், விடிந்ததும் மறுபடி தேடினோம். கிடைக்கவில்லை. கிழவர் என்னை ஏசவில்லை, அந்த முறிந்த துண்டை மட்டும் கையில் எடுத்து, ஒரு பிளேடு பாதி விரிந்து வளைந்திருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் சட்டைப் பையில் போட்டார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். மருமகனுக்கும் அதைத்தான் காட்டினேன்.

தப்பு இரண்டும் என்னுடையதுதான். கோணம் தப்பு, தலை தப்பு. கோணம் தப்பும்போது தலை சரியாக இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன், அல்லது கோணத்துக்குப் பொறுத்திருந்தால் அந்தத் தலையே கூட வேலை செய்திருக்கும்.

அப்படியானால் மெக்கானிக்கலே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். அதற்கு உள்ள நல்ல குணம் பறப்பு. ஃபிக்ஸ்ட் தலையின் பிளேடுகள் முன்னாலேயே சிறகு மாதிரி காற்றைப் பிடிக்கும், வில் கொஞ்சம் டியூன் தவறியிருந்தாலும் அம்பை ஒரு பக்கம் இழுத்துவிடும். மடங்கிய தலை, பிளேடு இல்லாத பயிற்சி முனை போகிற இடத்துக்குக் கிட்டத்தட்ட அப்படியே போகும். புதியவனுக்கு இது பெரிய உதவி. இன்னொன்று, விலாவுக்கு நடுவே சரியாகப் பட்டால் அகலமான வெட்டு வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும், மான் கண்ணெதிரிலேயே விழுந்ததையும் பார்த்திருக்கிறேன்.

என் சொந்தக் கோடு இதுதான், சட்டம் இல்லை, அனுபவத்தில் போட்டது. அளந்த சக்தி 50-க்குக் கீழே என்றால் ஃபிக்ஸ்ட், இரண்டு பிளேடு, பேச்சே இல்லை. 50-க்கும் 60-க்கும் நடுவில் என்றால் மானுக்கு மட்டும் மெக்கானிக்கல், அதுவும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாமல். 60-ஐத் தாண்டினால் மானுக்கு இரண்டு அங்குலம் வரை போகலாம், கரடிக்கு ஒன்றரையோடு நில்லுங்கள். மூஸுக்கு எத்தனை சக்தி இருந்தாலும் நான் மெக்கானிக்கல் மாட்ட மாட்டேன்: 450 கிலோவையும் தாண்டுகிற மிருகம், விலா எலும்பே பெருவிரலை விட அகலம், ஒரு வருஷத்தில் ஒரே தடவை கிடைக்கிற வாய்ப்பை நகருகிற பாகங்களுக்கு அடகு வைப்பானேன். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்கள் பெரும்பாலும் 70 பவுண்டு இழுக்கிற ஆறடி ஆட்கள்.

எந்தப் பக்கம் விரிகிறது என்று பாருங்கள்

கடையில் எல்லாம் ஒரே மாதிரி மினுங்கும். கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று சாதி.

முன்பக்கமாக விரிவது பழைய வகை. பிளேடின் நுனி முன்னால் கூம்போடு ஒட்டியிருக்கும், பட்டதும் குடை காற்றில் பின்னால் மடங்குகிற மாதிரி பின்னோக்கிப் புரண்டு விரியும். அப்படிப் புரளும்வரை உள்வாசல் சின்னதாக இருக்கும், சரிவாகப் பட்டால் ஒரு பிளேடு முந்திக்கொண்டு அம்பைத் திருப்பிவிடவும் கூடும்.

பின்பக்கமாக விரிவதில் பிளேடுகள் சதையில் பட்டதும் உடம்போடு சறுக்கிப் பின்னால் போய் வெளியே அகலும். ரேஜ் என்கிற கம்பனி இந்த வகையில் பெயர் எடுத்தது. உள்வாசலிலேயே முழு அகலமும் விழும், சரிவான அடியிலும் ஓரளவு ஒழுங்காகத் திறக்கும். இந்த வகையில் பிளேடை மூடிப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் காலர் அல்லது ரப்பர் வளையம். காலர் ஒரு தடவைக்குத்தான். எய்த பிறகு மாற்றுங்கள், மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி விளையாடினாலும் மாற்றுங்கள்.

மூன்றாவது கலப்பு: முன்னால் சின்னதாக அசையாத பிளேடு, பின்னால் விரிகிற பிளேடு. விரிகிற பாகம் சதி செய்தாலும் முன்னால் உள்ளது வெட்டியே தீரும். புதியவன் மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

குறுக்குவில் வைத்திருக்கிறவர்கள் அதற்கென்று தனியாகச் செய்ததையே வாங்குங்கள். அது புறப்படுகிற உதறலில் சாதாரணக் காலர் வில்லை விட்டு வெளியே வரும்போதே விட்டுக்கொடுத்துவிடும்.

ரப்பர் வளையம் பற்றி ஒரு வார்த்தை. வெயிலிலும் குளிரிலும் கிடந்தால் ரப்பர் காய்ந்து வெடிக்கும், சுருக்குப்பையில் கட்டின பழைய ரப்பர்பேண்ட் அறுகிற மாதிரி. எனக்கு இரண்டாம் வருஷம் மடியில் வைத்திருந்த அம்பில் ஒரு பிளேடு தானாகத் திறந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை, எய்தேன், அம்பு மானுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் போய் மண்ணில் குத்தியது. நல்லவேளை, மான் ஒன்றும் ஆகாமல் நடந்து போனது. அதிலிருந்து சீசனுக்கு ஒரு தடவை வளையம் முழுக்க மாற்றிவிடுவேன்.

பிளேடு எத்தனை, எவ்வளவு தடிப்பு

பெட்டியில் போட்ட அகலத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். இரண்டு பிளேடு, இரண்டு அங்குலம் என்றால் வெட்டின் மொத்த நீளம் இரண்டு அங்குலம். மூன்று பிளேடு, ஒன்றரை அங்குலம் என்றால் நடுவிலிருந்து ஒவ்வொன்றும் முக்கால் அங்குலம், மூன்றும் சேர்த்து இரண்டேகால். சின்ன எண் போட்ட பெட்டிதான் அதிகம் வெட்டுகிறது. ஆனால் மூன்று பிளேடுக்கு உராய்வும் அதிகம், பலம் அதற்கும் வேண்டும், ஆகவே மறுபடி அந்தக் கணக்குக்கே வந்துவிடுகிறோம்.

பிளேடின் தடிப்பைக் கட்டாயம் பாருங்கள். 0.030 அங்குலத்துக்குக் கீழே உள்ளதை நான் தொடுவதில்லை, 0.035 என்றால் சந்தோஷம். விரித்த நிலையில் பிளேடின் நுனியைக் கிடுக்கியால் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள், தளதள என்று ஆடினால் திரும்ப வைத்துவிடுங்கள். விரிந்த பிளேடு பின்னோக்கி நன்றாகச் சாய்ந்திருந்தால் சதையைச் சறுக்கி வெட்டும், நேர்குத்தாக நின்றால் தள்ளிக்கொண்டு போகும். இது எல்லாக் கத்திக்கும் பொது.

கூர் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் அப்பா கனவில் வந்து அடிப்பார். அவர் கவ்வாத்துக்காரர். காலையில் மலைக்குப் போகும் முன் லயத்து வாசலில் குந்தியிருந்து சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டுவார், தீட்டி முடித்து முன்கை மயிரில் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார், மயிர் உதிராவிட்டால் மறுபடி கல். மழுங்கின கத்தியால் கவ்வாத்து வெட்டினால் கொப்பு கிழியும், பட்டை பிரியும், அந்த வாயால் தண்ணீர் இறங்கி அழுகும். கூரான கத்தி போட்ட வெட்டு பளபள என்று இருக்கும். மிருகத்தின் உடம்பிலும் இதே கதை: மழுங்கின பிளேடு இரத்தக் குழாயைத் தள்ளிவிட்டுப் போகும், கூரானது அறுத்துவிட்டுப் போகும். புதுப் பெட்டியிலிருந்து எடுத்த தலை கூராக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு ரப்பர்பேண்டை இழுத்துப் பிடித்து பிளேடின் மேல் லேசாக வைத்துப் பாருங்கள், அழுத்தாமலே அறுந்தால் சரி.

முனையில் உளி மாதிரி வெட்டின கூம்பு ஒரு வகை, நுனியிலிருந்தே வெட்டுகிறது இன்னொரு வகை. உளிமுனை எலும்பைத் தாங்கும். பலம் குறைந்த வில்லுக்கு நுனியிலிருந்தே வெட்டுவது நல்லது. இதில் ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை.

எடை

100 கிரெய்ன் எங்கும் கிடைக்கும், ஏறத்தாழ ஆறரை கிராம். 125 கொஞ்சம் தேட வேண்டும். நீங்கள் பயிற்சி செய்கிற முனை எந்த எடையோ அதே எடையில் வாங்குங்கள், முடிந்தது. 125-க்கு மாறினால் அம்பு முன்பாரம் கூடி நேராகப் போகும், உள்ளேயும் கொஞ்சம் கூடப் போகும், ஆனால் அம்பின் வளைவுத்தன்மை மாறும், குறிக்கண்ணாடியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். சீசனுக்கு இரண்டு கிழமைக்கு முன் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

வாங்கி வந்த பிறகு

மூன்று தலை உள்ள ஒரு பெட்டி ஐம்பது அறுபது டொலர் ஆகும். அரைவாசி விலைக்கு இணையத்தில் கிடைக்கிறதென்றால் அது பெரும்பாலும் போலி. பெயர்பெற்ற மாடல்களுக்கெல்லாம் போலி வருகிறது, பெட்டி அப்படியே இருக்கும், பிளேடு தகரம். இரண்டு பெட்டி வாங்குங்கள். மூன்றில் ஒன்றைப் பலிகொடுக்கப் போகிறோம்.

முதலில் அம்பில் திருகி, நுனியை மேசையில் ஊன்றி, அம்பைப் பம்பரம் மாதிரி விரல்களுக்கு நடுவே சுற்றுங்கள். தலையும் அம்பும் சேருகிற இடம் ஆடாமல் சுற்ற வேண்டும். ஆடினால் வேறு அம்பில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் ஆடினால் தலை கோணல், இங்கே மட்டும் ஆடினால் அம்பில் உள்ள இன்சேர்ட், அதாவது தலையைத் திருகுகிற துண்டு, கோணல். திருகும்போது பெட்டியோடு வருகிற சாவியைப் பயன்படுத்துங்கள், வெறும் விரலால் வேண்டாம். சொன்னால் கேட்க மாட்டீர்கள், நானும் கேட்கவில்லை, இடது பெருவிரலில் நாலு தையல்.

அப்புறம் பலிகொடுக்க வைத்த தலையை எய்யுங்கள். ஃபோம் இலக்கின் முன்னால் ஒரு கார்ட்போர்ட் மட்டையை நிறுத்தி, 20 யாரில் ஒரு பயிற்சி முனை, ஒரு பிராட்ஹெட் என்று மாற்றி மாற்றி விடுங்கள். இரண்டும் ஒரு கையகலத்துக்குள் விழ வேண்டும். "மெக்கானிக்கல் பயிற்சி முனை மாதிரியே பறக்கும்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம், அப்புறம் மானின் வயிற்றில் எய்துவிட்டு காற்றைக் குறை சொல்வார்கள். மட்டையில் விழுந்த வெட்டையும் பாருங்கள், எல்லா பிளேடும் திறந்ததா, ஒன்று சோம்பேறியா என்பது அதில் தெரியும். சில கம்பனிக்காரர், உதாரணமாக செவர், பயிற்சிக்காக பிளேடைப் பூட்டி வைக்க ஒரு சின்ன ஆணி வசதி வைத்திருக்கிறார்கள். வேட்டைக்குப் போகும் முன் அந்தப் பூட்டைக் கழற்ற மறந்தால் கதை கந்தல்.

எய்து பார்த்த தலையை வேட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள். பிளேடு மாற்றினால் மட்டும் போதாது, உடம்பு வளைந்திருக்கலாம், மறுபடி சுற்றிப் பாருங்கள்.

கடைசியாக, அம்புக்கூடு. தலையை ஃபோமில் குத்தி வைக்கிற வகை அம்புக்கூடு ஃபிக்ஸ்ட் தலைக்குச் சரி, மெக்கானிக்கலை அதிலிருந்து உருவும்போது பிளேடு இழுபட்டுத் திறக்கும், கூரும் மழுங்கும். உள்ளே குழியாகக் கிண்ணம் மாதிரி உள்ளதை வாங்குங்கள். மரத்தில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலை, நாணில் பூட்டப் போகிற அம்பின் தலையைக் கண்ணால் ஒரு தடவை பார்ப்பது.

எய்கிற நேரத்தில்

மெக்கானிக்கல் மாட்டிக்கொண்டு போனால் இரண்டு கோணம்தான் உங்களுடையது: முழுப் பக்கவாட்டு, அல்லது மிருகம் உங்களை விட்டுக் கொஞ்சம் விலகித் திரும்பி நிற்பது. இரண்டு நுரையீரலும் போகிற மாதிரி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால். உங்களைப் பார்த்து நின்றால் வில்லை இறக்குங்கள். முதல் இரண்டு சீசனுக்கு 20, 25 யாரைத் தாண்டாதீர்கள். நடுவில் புல்லோ குச்சியோ இருந்தால் பிளேடு அதில் தட்டியே திறந்துவிடும், அதையும் கணக்கில் எடுங்கள்.

எய்த பிறகு இறங்கி ஓடாதீர்கள். நுரையீரலில் பட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தால் கூட அரை மணித்தியாலம் உட்காருங்கள். அம்பைத் தேடி எடுத்துப் பாருங்கள்; நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நல்லது, பச்சையாக நாற்றமடித்தால் வயிறு, அப்போது ஆறு எட்டு மணித்தியாலம் விட்டுவிட்டுத்தான் பின்தொடர வேண்டும். உரிக்கும்போது முதலில் அம்பில் எத்தனை பிளேடு மிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது உள்ளே இருக்கிறது, வெறுங்கையை நெஞ்சுக்கூட்டுக்குள் விடாதீர்கள். வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுகிற இறைச்சி அது.

மருமகன் திரும்பிப் போய் மூன்றாம் கிழமை செய்தி அனுப்பினான். கடையில் அளந்தானாம், 226 அடி. போனில் தட்டிப் பார்த்தேன், 45 சொச்சம் வந்தது. அந்த 2.3 அங்குலத்தை விட்டுவிட்டு ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைந்த இரண்டு பிளேடு ஃபிக்ஸ்ட் தலை வாங்கி, சுற்றிப் பார்க்கிற வீடியோவும் போட்டிருந்தான். சுற்றும்போது இலேசாக ஆடுகிறது. இன்சேர்ட்டாகத்தான் இருக்கும், இரவைக்கு அங்கே விடிந்ததும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.